இரைப்பைப் புற்றுநோய்: நுண்துளை அறுவையா, திறந்த அறுவையா?

(நமது ஜமாஅத்தின் மருத்துவ உதவிக் குழு ஏற்பாடு செய்த கூட்டத்தில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

  

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் மருத்துவ உதவிக் குழுவினர்தாம் தந்தார்கள். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். குழுவின் முன் இரண்டு விண்ணப்பங்கள் வந்தனவாம். இரண்டும் ஒரே நோய்க்கானவை: இரைப்பையில் புற்றுநோய். ஒரு குடும்பத்தார் தனியார் மருத்துவமனையில் நுண்துளை முறையில் அறுவை செய்துகொள்வதற்காகப் பெருந்தொகை கேட்டிருந்தார்கள். மற்றொரு குடும்பத்தார் அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, போக்குவரத்துக்கும் மருந்துக்கும் மட்டும் கேட்டிருந்தார்கள். பெயர்களை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குழுவினரின் மனத்தை உறுத்திய கேள்வி இதுதான்: "முதலாமவருக்கு நல்ல சிகிச்சையும் இரண்டாமவருக்கு மட்டமான சிகிச்சையும் கிடைக்கிறதா? அப்படியானால் இரண்டாமவருக்கும் நாம் அதே தொகையைத் திரட்டித் தர வேண்டாமா?"

நியாயமான கேள்வி. ஒருவருக்குக் கொடுத்து மற்றவரை விட்டுவிட்டோமோ என்று அஞ்சுகிற மனம் உள்ளவர்களிடம்தான் பொதுப்பணம் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த அளவில் இதற்கு விடை கூற முயல்கிறேன்.

நோயின் இயல்பு

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் உண்ணும் உணவு உணவுக்குழாய் வழியே வந்து தங்கும் தசைப்பைதான் இரைப்பை. அதன் உட்புறச் சவ்வில் தோன்றும் புற்று, முதலில் அச்சவ்வோடு நிற்கும். பிறகு தசைச் சுவருக்குள் இறங்கும். அதன்பின் வெளிச்சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் உதிரும். இதற்கிடையே இரைப்பையைச் சுற்றி இரத்தக் குழாய்களின் ஓரமாக அமைந்துள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவும். கணுக்களைத் தாண்டினால் கல்லீரலுக்கும் வேறு உறுப்புகளுக்கும் செல்லும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 9,68,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6,60,000 பேர் இதனால் இறந்தனர். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் இது மிகுதி. நம் நாட்டில் மிசோரம் மாநிலத்தில் அதிகம் காணப்படுகிறது. சென்னையிலும் பல ஆண்டுகளாக ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்றாக இருந்து வருகிறது. ஆகவே இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் நோய் என்று நாம் இருந்துவிட முடியாது.

தொடக்கத்தில் இந்நோய்க்குத் தனி அடையாளம் கிடையாது. நெஞ்செரிச்சல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, புளித்த ஏப்பம், பசியின்மை இவ்வளவுதான். "கேஸ் தொல்லை" என்று நாமே பெயர் வைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, மாதங்களைக் கடத்திவிடுகிறோம். எடை குறைந்து, இரத்தச் சோகை வந்து, மலம் கறுத்து, உண்டது வாந்தியாக வெளிவரும்போதுதான் மருத்துவரைத் தேடுகிறோம். அப்போது நோய் பெரும்பாலும் சுவரைக் கடந்திருக்கும்.

திறந்த அறுவையின் வரலாறு

இரைப்பையில் உள்ள புற்றை வெட்டி எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்த முதல் அறுவை 1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் வியன்னா நகரில் நடைபெற்றது. செய்தவர் தியோடர் பில்ரோத் என்னும் பேராசிரியர். நோயாளி 43 வயதுப் பெண்மணி. அறுவையிலிருந்து அவர் நன்றாகத் தேறினார், உணவு உண்டார். ஆனால் சுமார் நான்கு மாதங்களில் நோய் திரும்பி வந்து அவர் உயிரைப் பறித்தது. கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, அது பரவிச் செல்லும் வழிகளையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் பின்னாளில் கற்றுக்கொண்டது.

அதை நுட்பமாக வகுத்துக் கொடுத்தவர்கள் ஜப்பானிய அறுவை மருத்துவர்கள். இரைப்பையைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் ஒவ்வொன்றின் இடத்துக்கும் எண் கொடுத்து வரைபடம் தயாரித்தார்கள். எந்த நிலையில் எந்த எண்ணுள்ள கணுக்களை எடுக்க வேண்டும் என்று நெறி அமைத்தார்கள். இரைப்பையை ஒட்டிய கணுக்களுடன், அதற்கு இரத்தம் கொண்டுவரும் பெருங்குழாய்களின் ஓரத்திலுள்ள கணுக்களையும் அகற்றுவதை 'டி-2' என்று குறிப்பிடுவார்கள். நன்கு பரவக்கூடிய நிலையில் உள்ள நோய்க்கு இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல் இதுவே.

திறந்த அறுவையில் நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து தொப்புள் வரை சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வயிறு திறக்கப்படும். மருத்துவர் கண்ணால் நேரில் பார்த்து, கையால் தொட்டு உணர்ந்து அறுவை செய்வார். நோய் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு அகற்றப்படும்; மேற்பகுதியில் இருந்தாலோ முழுவதும் பரவியிருந்தாலோ இரைப்பை முழுவதுமே அகற்றப்படும். பிறகு சிறுகுடலைக் கொண்டுவந்து எஞ்சிய இரைப்பையுடனோ உணவுக்குழாயுடனோ இணைப்பார்கள்.

நுண்துளை அறுவையின் வருகை

பித்தப்பைக் கல்லைத் துளை வழியே எடுக்கும் முறை 1985இல் ஜெர்மனியிலும், 1987இல் பிரான்சிலும் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவியது. இன்று நம்மூர்களிலும் அது சாதாரணம். இந்தக் கூட்டத்திலேயே செய்துகொண்டவர்கள் பலர் இருப்பீர்கள். அதே முறையில் இரைப்பைப் புற்றுக்கான அறுவையை 1991ஆம் ஆண்டு ஜப்பானில் செய்கோ கிடானோ என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செய்தார்.

இம்முறையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்திக் கூடாரம்போல் உயர்த்துவார்கள். அரை முதல் ஒன்றேகால் சென்டிமீட்டர் வரையுள்ள நான்கைந்து துளைகள் இடப்படும். ஒன்றின் வழியே கேமரா செல்லும். மற்றவற்றின் வழியே நீண்ட மெல்லிய கருவிகள் செல்லும். உள்ளே உள்ளவை பலமடங்கு பெரிதாகித் திரையில் தெரியும். மருத்துவர் திரையைப் பார்த்தபடியே அறுவை செய்வார். வெட்டிய இரைப்பையை வெளியே எடுப்பதற்காகக் கடைசியில் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு கீறல் போடுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளியே தெரியும் காயம்தான் சிறியது. உள்ளே நடக்கும் அறுவை சிறியதன்று. அதே இரைப்பைதான் அகற்றப்படுகிறது. அதே கணுக்கள்தாம் எடுக்கப்படுகின்றன. அதே இணைப்புதான் போடப்படுகிறது. "துளை போட்டுத்தானே செய்கிறார்கள், இரண்டு நாளில் கடைக்கு வந்துவிடலாம்" என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பித்தப்பை அறுவையோடு இதை ஒப்பிடுவது, வாய்க்காலைத் தாண்டியவன் ஆற்றையும் அப்படியே தாண்டிவிடலாம் என்று எண்ணுவதைப் போன்றது.

எடைபோட்ட ஆய்வுகள்

ஒரு முறை புதியது என்பதாலேயே அது மேலானது ஆகிவிடாது. இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நுண்துளை முறையும் திறந்த முறையும் ஒப்பிடப்பட்டு 2018இல் முடிவு வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாதிருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, நுண்துளை முறையில் 86 விழுக்காடுதான். மருத்துவ உலகமே திகைத்தது. அதன்பின் அந்த நோய்க்குப் பல நாட்டு மருத்துவர்கள் மீண்டும் திறந்த அறுவைக்கே திரும்பினார்கள். ஆகையால் இரைப்பையின் நிலை என்ன என்பதை அதற்குரிய ஆய்வுகளைக் கொண்டே பார்க்க வேண்டும்.

கொரியாவில் 13 மருத்துவமனைகள் சேர்ந்து, தொடக்க நிலையில் இருந்த 1,416 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தன. ஐந்தாண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் நுண்துளைப் பிரிவில் 94.2 விழுக்காடு, திறந்த பிரிவில் 93.3 விழுக்காடு. அதாவது வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆனால் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் நுண்துளைப் பிரிவில் 13 விழுக்காட்டினருக்கும், திறந்த பிரிவில் 19.9 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. காயத்தில் சீழ் பிடித்தல், தையல் விடுதல் போன்றவை குறைந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

ஜப்பானில் 921 பேரை வைத்து நடந்த ஆய்விலும் இதே முடிவுதான். ஐந்தாண்டுகளில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் நுண்துளையில் 95.1 விழுக்காடு, திறந்த அறுவையில் 94 விழுக்காடு. நேரம் மட்டும் வேறுபட்டது. திறந்த அறுவைக்கு நடுத்தர அளவாக 194 நிமிடங்கள் ஆயின. நுண்துளைக்கு 278 நிமிடங்கள். இரத்த இழப்போ 115 மில்லியிலிருந்து 38 மில்லியாகக் குறைந்தது.

"இவை தொடக்க நிலை நோய்கள், நமக்கு வருவதோ முற்றிய நிலை" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஆய்வுகள் வந்துவிட்டன. சீனாவில் 14 மருத்துவமனைகளில் சுவருக்குள் ஆழமாக இறங்கிய நோய் உடைய 1,056 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்றாண்டுகள் நோய் திரும்பாதிருந்தவர்கள் நுண்துளையில் 76.5 விழுக்காடு, திறந்த அறுவையில் 77.8 விழுக்காடு. கொரியாவில் இதே நிலையில் உள்ள 1,050 பேரிடம் நடந்த ஆய்வில் 80.3 விழுக்காடும் 81.3 விழுக்காடும். இரண்டிலும் எண்கள் ஏறத்தாழச் சமமே.

மேலைநாட்டு அனுபவம் சற்று வேறு. நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் 227 பேரை ஒப்பிட்டபோது, சிக்கல்களிலும் வேறுபாடு இல்லை. மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் இல்லை. இரு பிரிவினருமே நடுத்தர அளவாக ஏழு நாட்களில் வீடு திரும்பினார்கள். வலியைக் கட்டுப்படுத்தி, சீக்கிரம் எழுந்து நடக்கவைத்து, சீக்கிரம் உணவு கொடுக்கும் முறை நன்றாக அமைந்தால், திறந்த அறுவை செய்துகொண்டவரும் விரைவில் தேறுகிறார் என்பதை இது காட்டுகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஆய்வுகளில் கலந்துகொண்ட அறுவை மருத்துவர்கள் எல்லோரும் இம்முறையில் நன்கு பழகியவர்கள். முற்றிய நோய்க்கான கொரிய ஆய்வில் சேர விரும்பிய மருத்துவர்கள், தாங்கள் செய்த அறுவைகளின் முழு ஒளிப்பதிவைக் கொடுத்து, மற்ற நிபுணர்கள் அதைப் பார்த்துத் தகுதி அளித்த பிறகே சேர முடிந்தது. எனவே "நுண்துளை சமமானது" என்ற வாக்கியத்தை "பழகிய கையில் நுண்துளை சமமானது" என்றே நாம் படிக்க வேண்டும். மேலும் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றும் அறுவை பற்றியவை. முழு இரைப்பையையும் துளை வழியே அகற்றுவது இன்னும் கடினமானது. அதற்குத் தேர்ச்சி மேலும் தேவை.

நோயாளிக்கு என்ன வேறுபாடு?

தொகுத்துச் சொன்னால், உயிர் காப்பதில் இரண்டும் சமம். நுண்துளையில் வலி குறைவு, இரத்த இழப்பு குறைவு, வடு சிறியது, காயத்தில் சீழ் பிடிப்பதும் பின்னாளில் அவ்விடத்தில் குடலிறக்கம் வருவதும் குறைவு. திறந்த அறுவையில் நேரம் குறைவு, கருவிச் செலவு குறைவு, செய்யத் தெரிந்த மருத்துவர்கள் அதிகம். இணைப்பில் கசிவு ஏற்படும் ஆபத்து இரண்டிலும் உண்டு. அதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது.

எல்லோருக்கும் நுண்துளை பொருந்தாது. கட்டி மிகப் பெரிதாகிப் பக்கத்துக் கணையத்தையோ பெருங்குடலையோ பற்றியிருந்தால், புண் வெடித்து அவசரமாக வந்திருந்தால், முன்பு நடந்த அறுவைகளால் குடல்கள் ஒட்டிக்கிடந்தால் திறந்த அறுவையே பாதுகாப்பு. கடுமையான நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள் வாயு அழுத்தத்தை நெடுநேரம் தாங்க மாட்டார்கள்.

சில வேளைகளில் துளை வழியே தொடங்கிய அறுவையை நடுவில் நிறுத்தி, வயிற்றைத் திறக்க வேண்டி வரும். இதைக் கேட்டதும் வெளியே காத்திருக்கும் உறவினர்கள் கோபப்படுகிறார்கள். "முடியாமல் கைவிட்டுவிட்டார்கள்" என்கிறார்கள். சகோதரர்களே, இரத்தம் கசியும்போதும் எல்லை தெளிவாகத் தெரியாதபோதும் பிடிவாதம் பிடிக்காமல் வயிற்றைத் திறக்கிற மருத்துவரே நல்ல மருத்துவர். அதைத் தோல்வி என்று கருதாதீர்கள்.

கேமராவுக்கு இன்னொரு பெரும் பயன் உண்டு. வயிற்றறைச் சவ்வில் மணல்போல் தூவிக்கிடக்கும் நோய்த்துகள்கள் சி.டி. ஸ்கேனில் பல நேரம் தெரிவதில்லை. பெரிய அறுவைக்கு முன்பு ஒரு சிறு துளையிட்டுக் கேமராவால் பார்த்துவிட்டால், பலன் தராத பெரிய அறுவையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றலாம். திறந்த அறுவை செய்யத் திட்டமிட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

என் மனத்தை விட்டு அகலாத நிகழ்ச்சி

எனக்கு நன்கு தெரிந்த ஒரு வியாபாரி. வயது ஐம்பதைத் தாண்டியவர். பல மாதங்கள் மாத்திரையிலேயே காலம் தள்ளிவிட்டு, பிறகு எண்டோஸ்கோபி செய்துகொண்டார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்று. எடுத்துவிடக்கூடிய நிலையில்தான் இருந்தது. அரசு மருத்துவமனை ஒன்றில் திறந்த அறுவைக்கு நாளும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அவருடைய மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டர் மாமா, வாப்பாவுக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துளை போட்டுச் செய்வது நல்லதுதானே?" என்று கேட்டார். நான் வேறொரு வேலையில் இருந்தேன். "நல்லதுதான்" என்று ஒற்றைச் சொல்லில் விடை கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்காகக் காத்திருக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. காத்திருக்காதே என்று நானும் சொல்லவில்லை.

குடும்பத்தார் குறித்த நாளைத் தவறவிட்டார்கள். பெரிய நகரத்து மருத்துவமனைக்கான பணத்தைத் திரட்டத் தொடங்கினார்கள். நிலத்துக்கு விலை பேசினார்கள். வெளிநாட்டில் இருந்த மைத்துனரின் விடுமுறைக்காகக் காத்திருந்தார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் ஓடின. இறுதியில் அங்கே சேர்த்து, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது, நோய் வயிற்றறைச் சவ்வெங்கும் உதிர்ந்திருந்தது. மருத்துவர்கள் எதையும் வெட்டாமல் துளைகளைத் தைத்துவிட்டார்கள். அவர் விரும்பியபடி சிறு துளைகள்தாம். ஆனால் நோய் உள்ளேயே இருந்தது. அடுத்த ஆண்டு அவர் நம்மிடையே இல்லை.

முதலில் குறித்த நாளிலேயே அறுவை நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகக் கூற என்னால் முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவர் இழந்ததில் என் ஒற்றைச் சொல்லுக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும், முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு "அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்களா?" என்றுதான் கேட்கிறேன்.

அறுவை மட்டும் போதுமா?

தொடக்க நிலையைத் தாண்டிய நோய்க்கு இன்று அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ மருந்து கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. 2019இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த புதிய முறையில் நோயாளிகளின் நடுத்தர ஆயுள் 50 மாதங்களாக உயர்ந்தது. பழைய மருந்துமுறையில் அது 35 மாதங்கள். துளையா கீறலா என்ற தேர்வால் ஆயுளில் இவ்வளவு வேறுபாடு எந்த ஆய்விலும் காணப்படவில்லை. மருத்துவர் திட்டமிட்டுக் கீமோ கொடுத்த பிறகு அறுவை செய்வது சிகிச்சையின் ஒரு பகுதி. பணத்துக்காகவோ பயத்தாலோ சும்மா காத்திருப்பது அப்படிப்பட்டதன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நோயாளியின் குடும்பத்தார் கூச்சப்படாமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். நோய் எந்த நிலையில் இருக்கிறது? அறுவைக்கு முன் கீமோ தேவையா? இந்த அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? கணுக்களை முறைப்படி முழுமையாக எடுப்பீர்களா? எனக்கு எந்த முறை பொருந்தும், ஏன்? அறுவைக்குப் பிறகு திசு ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை கணுக்கள் ஆராயப்பட்டன என்று எழுதியிருக்கும். குறைந்தது 16 கணுக்களாவது ஆராயப்பட வேண்டும் என்பது பொதுவான நெறி. வயிற்றின் மேல் உள்ள தழும்பின் நீளத்தைவிட அந்த எண்தான் சிகிச்சையின் தரத்தைக் கூறும்.

அறுவைக்குப் பிறகு

இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா என்று அஞ்சுகிறார்கள். வாழ முடியும். ஆனால் உண்ணும் முறை மாற வேண்டும். மூன்று வேளை வயிறாற உண்பதை விட்டு, ஆறு வேளை சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ண வேண்டும். இனிப்பை மிகுதியாக உண்டால் உணவு சிறுகுடலில் விரைந்து இறங்கி, படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். இரைப்பை முழுவதையும் அகற்றியவர்களுக்கு பி-12 ஊட்டச்சத்தை உணவிலிருந்து பெறும் ஆற்றல் போய்விடும். அதை ஊசி மூலம் ஆயுள் முழுவதும் கொடுத்து வர வேண்டும். சில ஆண்டுகள் நன்றாக இருக்கிறோமே என்று நிறுத்திவிட்டால், இரத்தச் சோகையும் நரம்புக் கோளாறும் மெதுவாக வந்து சேரும்.

நோன்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நெடுநேரம் உண்ணாமல் இருந்துவிட்டு ஒரே நேரத்தில் நிறைய உண்பது இவர்களுக்கு ஏற்றதன்று. குறிப்பாக அறுவை முடிந்த முதல் ஆண்டிலும் கீமோ நடக்கும் காலத்திலும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு நோற்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஹஜரத் அவர்கள் உங்களுக்கு விளக்குவார்கள். அதைப் பெற்றுக்கொள்வதில் குற்ற உணர்வு வேண்டாம்.

வருமுன் காத்தல்

இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே இந்நோய்க்கு மிகப் பெரிய காரணம். இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். நோய்க்கிருமி இதுதான் என்று மெய்ப்பிக்க மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இன்று ஒன்றிரண்டு வார மாத்திரைகளால் அதை ஒழிக்கலாம். புகையிலையும், கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்த பண்டங்களை அளவுக்கு மீறி உண்பதும் ஆபத்தைக் கூட்டும். கொரியாவில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்கிறார்கள். அதனால்தான் அங்கே தொடக்க நிலையிலேயே நோய் பிடிபடுகிறது. நமக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆகவே நாற்பதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக அஜீரணம் தொடங்கிச் சில வாரங்களில் தீராவிட்டால், எண்டோஸ்கோபி செய்துகொள்ளத் தயங்கக் கூடாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை அது.

குழுவினருக்கு என் விடை

இறுதியாக, உதவிக் குழுவினரின் கேள்விக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையில் திறந்த அறுவைக்கு நாள் பெற்றிருக்கும் அந்தச் சகோதரர் மட்டமான சிகிச்சையைப் பெறவில்லை. தேர்ந்த கையால், முறைப்படி கணுக்கள் நீக்கப்பட்டால், அவர் பிழைக்கும் வாய்ப்பு மற்றவருக்குச் சமமே. அவருடைய நாளைத் தள்ளிப்போட வைக்காதீர்கள். அவர் கேட்ட பேருந்துக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் தாமதமின்றிக் கொடுங்கள். கீமோ முடியும் வரையிலும், பி-12 ஊசிக்காகவும் தொடர்ந்து கொடுங்கள். கூட இருந்து கவனிப்பவரின் உணவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியில் சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் பலரும் இத்தகைய சிறு செலவுகளால்தான் விடுகிறார்கள்.

தனியார் மருத்துவமனையை நாடியிருக்கும் குடும்பத்தாரைக் குறை கூற வேண்டாம். வலி குறைய வேண்டும் என்று விரும்புவது இயற்கையே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கு இடமுண்டா என்று விசாரிக்க உங்களில் ஒருவர் உடன் செல்லுங்கள். அதற்கும் மேல் பணம் தேவைப்பட்டு, அதைத் திரட்ட வாரங்கள் ஆகும் என்றால், "காத்திருக்காதீர்கள், எங்கே முறையாகவும் விரைவாகவும் நடக்குமோ அங்கே செய்துகொள்ளுங்கள்" என்று எடுத்துச் சொல்லுங்கள். நான் அன்று தொலைபேசியில் சொல்லத் தவறிய சொற்கள் இவை. நீங்கள் சொல்லத் தவறாதீர்கள்.

 நோயுற்றிருப்போர் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண நலத்தை அருள்வானாக. வஸ்ஸலாம்.